வேட்டை நிலமும் முன் சீட்டும்

ஊருக்குள் வண்டி ஓட்டுவது நான்தான். அர்பாப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போனில் யாரையாவது ஏசிக்கொண்டு வருவார். ருவைஸைத் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தச் சொல்வார். நான் இறங்கி நாலு டயரிலும் காற்றைக் குறைப்பேன். டயர் கொஞ்சம் சப்பையாக இருந்தால்தான் மணலில் புதையாது. அதற்குள் அவர் செருப்பை உதறிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறியிருப்பார். பாலைவனத்தில் ஸ்டியரிங்கை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். நான் சுற்றிப் போய் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த முன் சீட் என்னுடையது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வளைகுடா தெரியாது என்றுதான் அர்த்தம். அர்பாப் என்றால் முதலாளி. என் கஃபீலும் அவர்தான், என் விசா அவர் பேரில்தான் ஓடுகிறது. அவர் வீட்டு வாசலில் நான் ஒரு டிரைவர், ரூமில் இன்னும் மூன்று பேரோடு கட்டிலில் கிடப்பவன். அந்த முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. மூத்த மகன் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்பார். சர்க்கரை கூடிவிட்டதை மனைவியிடம் சொல்லாதே என்பார். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் என்ன வேலை, குடிப்பானா என்று பாதி இந்தியிலும் பாதி அரபியிலும் குடைந்து குடைந்து கேட்டார். மனுஷனை மனுஷன் கேட்கிற மாதிரி கேட்டார். மணல் மேடுகளுக்கு நடுவே அரை மணி நேரம் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்குத்தான் வேட்டு வைக்க ஒருவன் வந்து சேர்ந்தான்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். அர்பாப்புக்கு ராஜாளி வேட்டை என்றால் உயிர். இங்கே காட்டில் தானாகத் திரிகிற பறவையை யாரும் தொடக்கூடாது, பிடித்தால் வம்புதான். வேலி போட்ட சொந்த இடத்தில், அனுமதி வாங்கி, பண்ணையில் வளர்த்த ஹுபாராவை விட்டுத்தான் ராஜாளியை ஏவ முடியும் என்று அவர் சொல்வார். ஹுபாரா என்பது நம் கானமயிலுக்குத் தம்பி மாதிரி ஒரு பறவை. நீளக் கால், மணல் நிறம், பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அர்பாப்பின் சித்தப்பா மகன் ஒருவர் இதற்கென்றே ஒரு பெரிய இடம் வாங்கிப் போட்டிருந்தார். குளிர்காலம் வந்தால் அவர் கூப்பிடுவார், அர்பாப் தன் ராஜாளியைத் தூக்கிக்கொண்டு விருந்தாளியாகப் போவார். திரும்பி வரும்போது முகம் உர்ரென்று இருக்கும். வழியெல்லாம் பேச்சே இருக்காது. ஒருமுறை தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அடுத்தவன் இடத்தில் வேட்டையாடுவது அடுத்தவன் தட்டில் சாப்பிடுவது. கலாஸ், போதும். நானும் வாங்கப் போகிறேன். நீ என்னோடு வந்து பார்."

நீ என்னோடு வந்து பார் என்றார். கணக்குப் பார்க்கும் எகிப்துக்காரரைச் சொல்லவில்லை, படித்த மகனைச் சொல்லவில்லை. அன்று டயருக்குக் காற்றடிக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே அவன் வந்து சேர்ந்தான். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆள், என்னைவிடச் சில வயது இளையவன். குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு கடையில் நெடுங்காலம் நின்று வியாபாரம் பார்த்தவன். கடை மூடியதும் யாரோ சொல்லி இங்கே வந்திருந்தான். விருந்தினர் கூடத்தில் காவா என்கிற அரபிக் காபி ஊற்றுவதற்கும் வருகிறவர்களைக் கவனிப்பதற்கும் அர்பாப் அவனைச் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஆள் வேலைக்காரன். அரபி அவன் வாயில் தண்ணீராக ஓடியது. இத்தனை வருஷம் ஆகியும் நான் யல்லா, மாஃபி, சீதா, யமீன் என்று ரோட்டுக்கு வேண்டியதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அவன் அர்பாப்பிடம் சிரிப்புக் கதை சொல்வான். அர்பாப் தொடையில் தட்டிச் சிரிப்பார். என்னிடம் அவர் பேசுவார், கேட்பார், கோபப்படுவார். சிரித்ததில்லை.

நிலம் பார்க்கக் கிளம்பிய முதல் நாள் அவனையும் வண்டியில் ஏற்றச் சொன்னார் அர்பாப். தரகர்கள் வேகமாகப் பேசுவார்கள், கூட இருந்து கேட்கட்டும் என்றார். சரி, பின் சீட்டில்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். தார் ரோடு முடிந்து மூன்றாவது மேடு தாண்டியிருக்க மாட்டோம், பின்னாலிருந்து "அர்பாப், அர்பாப்" என்று ஈனமாக ஒரு சத்தம். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, மணலில் மண்டியிட்டு, காலையில் சாப்பிட்டதையெல்லாம் கொட்டிவிட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும். அர்பாப் அவன் முகத்துக்குத் தண்ணீர் ஊற்றினார், முதுகைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "இவன் முன்னால் உட்காரட்டும், பின்னால் குலுக்கல் அதிகம்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வாந்தியில் என் சீட் போய்விட்டது.

பின் சீட்டில் எனக்குத் துணை யார் என்று நினைக்கிறீர்கள்? ராஜாளி. கண்ணை மறைக்கிற தோல் தொப்பி போட்டு, தாங்குக் கட்டையில் கட்டி உட்கார வைத்திருந்தது. மேடு ஏறும்போது அது விழாமல் நான் கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் காவா கூஜா, ஒரு பக்கம் பேரீச்சம்பழ டப்பா, நடுவில் நான். முன்னால் அவர்கள் இரண்டு பேரும் அரபியில் பேசிச் சிரிப்பது கேட்கிறது, என்னவென்று புரியவில்லை. மூத்த மகனைப் பற்றித்தான் பேசுகிறாரோ, சர்க்கரையைப் பற்றிச் சொல்லிவிட்டாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசும்போது மனைவியிடம் கொட்டினேன். அவள் தூத்துக்குடியில் இருக்கிறாள், என் வாயை நன்றாக அறிந்தவள்.

"அவரு வாந்தி எடுத்தாருன்னா பாவம்லா? அதுக்கு எதுக்கு நீங்க குதிக்கீங்க?"

"எனக்கும் வாந்தி வருதுன்னு நாளைக்குச் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. கடல்ல பொறந்து வளந்த ஆளு நீங்க. அந்தப் பறவகூட நம்பாது."

போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். அவனுக்கு அரபி இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? நிலத்தைப் பார்க்கிற கண்ணாவது என்னிடம் இருக்க வேண்டும். நல்ல இடத்தைக் காட்டிக்கொடுத்து என் சீட்டை நானே வாங்கிக்கொள்வேன் என்று முறுக்கிக்கொண்டேன்.

முதலில் பார்த்த இடம் பச்சைப்பசேல் என்று இருந்தது. வரிசையாகக் காஃப் மரங்கள் (நம் ஊர் வன்னி மரம்தான்), நடுவில் பேரீச்சைத் தோட்டம், ஓரத்தில் வெள்ளையடித்த வீடு. தரகர் வாய் ஓயாமல் பேசினார். பாய் அதைக் காட்டி இதைக் காட்டி "மாஷா அல்லா" போட்டுக்கொண்டிருந்தான். அர்பாப்புக்குப் பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. நான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். நிலத்தின் வடக்கு மூலையைத் தொட்டுக்கொண்டு பெரிய கரண்டு கம்பி போனது. மாடி உயரத் தூண்கள், ஒன்றின் உச்சியில் காக்கை மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது. ராஜாளி உயரம் தேடுகிற பறவை. வேட்டை முடிந்தால், அல்லது கோபம் வந்தால், கண்ணில் படுகிற உயரமான இடத்தில் போய் உட்காரும். அங்கே உட்கார்ந்து இறக்கையை விரித்தால் கதை முடிந்தது. "அர்பாப், ஊப்பர் தேக்கோ" என்று மேலே பார்க்கச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினேன். அவர் பார்த்தார். தரகர் பேச்சு பாதியில் நின்றது. திரும்பி வண்டிக்கு நடக்கும்போது அர்பாப் என் தோளைத் தட்டினார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வண்டிக் கதவைத் திறக்கிறேன், பின்னாலிருந்து பாய் சொல்கிறான்: "அண்ணே, பிரமாதம்ண்ணே. எனக்குத் தோணவே இல்ல." அந்தப் பாராட்டு எனக்குச் சோற்றில் கல் மாதிரி இருந்தது. தோற்றவன் முகம் சுளிக்க வேண்டாமா? சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே போய் முன் சீட்டில் ஏறுகிறான். நான் ராஜாளிக்குப் பக்கத்தில் ஏறினேன்.

அடுத்த இடம் எனக்கே பிடித்திருந்தது. மரம் இல்லை, கம்பி இல்லை, கண்ணுக்கு எட்டியவரை லேசான மேடும் பள்ளமும். ஹுபாரா பதுங்குவதற்குத் தோதாக முழங்கால் உயரப் புதர்கள். நான் வாயைத் திறந்து சொல்லுமுன் பாய் தரகரிடம் ஏதோ கேட்டான். தரகர் இழுத்தார். பாய் மறுபடி கேட்டான். பிறகு கீழே குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து மேலிருந்து விட்டான். மணல் தென்கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து போனது. அங்கே தொலைவில் ஒரு கம்பி வேலி பளபளத்தது. எண்ணெய்க் கிணற்றுக்காரர்களின் வேலி. இங்கே குளிர்காலத்துக் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும், ராஜாளி துரத்துகிற பறவை காற்றோடுதான் போகும், ராஜாளியும் பின்னால் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தால் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. ராஜாளியின் முதுகில் கட்டிய கருவி இந்த இடத்தில் பறவை இருக்கிறது என்று கத்திக்கொண்டே இருக்கும், நாம் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதை ஒரு கடைக்காரன் சொன்னான். காற்றைப் பற்றி. கடலுக்குப் போன குடும்பத்தில் பிறந்த நான் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அர்பாப் அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். எனக்குத் தோளில் ஒரு தட்டு, அவனுக்கு நெற்றியில் முத்தம். அன்று திரும்பி வரும்போது பின் சீட்டில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டையைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துவிட்டேன் போல, ராஜாளி தொப்பியோடு என் பக்கம் தலையைத் திருப்பியது.

"எனக்குத் தெரிஞ்ச விஷயத்தை அவன் எப்படிச் சொல்லலாம்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க சொல்லலியே. அதனால அவரு சொன்னாரு."

"நீ யார் பக்கம்?"

"நான் இருக்கது தூத்துக்குடி பக்கம். மீன் அடுப்புல கெடக்கு, வைக்கேன்."

அதற்குப் பிறகு நான் அவனோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவன் வந்து "அண்ணே சாப்டீங்களா" என்பான். "ம்" என்பேன். இறைச்சிச் சோறு கொண்டுவந்து என் கட்டிலில் வைப்பான், டூட்டி இருக்கிறது என்று எழுந்து போவேன். டூட்டி ஒன்றும் இருக்காது. வெளியே வண்டியை இரண்டாம் முறை துடைத்துக்கொண்டு நிற்பேன்.

குளிர் தொடங்குவதற்குள் இன்னும் பல இடங்கள் பார்த்தோம். ஒன்றில் தரை வெள்ளையாக மின்னியது. தரகர் சுத்தமான மண் என்றார். நான் உப்பளத்து ஊர்க்காரன், எனக்கா தெரியாது? மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும், ஒரு மழை பெய்தால் கீழே உப்புச் சேறு, வண்டி அச்சுவரை இறங்கும். குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினேன், ஓடு உடைந்து ஈரம் தெரிந்தது. இன்னொன்றில் எல்லாம் சரி, உள்ளே போகிற பாதை மட்டும் பக்கத்து ஒட்டகப் பண்ணைக்காரர் நிலத்தில் கிடந்தது. நானும் பாயும் ஒரே நேரத்தில் வழி யாருடையது என்று கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் சிரித்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஒட்டகப் பண்ணையின் நாய்கள் வேறு வேலிக்குள் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தன, ஹுபாராவை விட்டால் ராஜாளிக்கு மிச்சம் வைக்காது. அர்பாப் சலித்துக்கொண்டார். சித்தப்பா மகன் அந்த வாரமும் போனில் கூப்பிட்டு, இந்த வருஷம் வேட்டைக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தார். அர்பாப்புக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. சொல்லப்போனால் அந்த வண்டியில் வயிறு எரிந்துகொண்டிருந்தவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை.

கடைசியில் இரண்டு இடம் மிஞ்சியது.

ஒன்று லிவா போகிற பாதையில். நல்ல இடம்தான். தண்ணீர் உண்டு, கரண்டு மண்ணுக்கடியில் வருகிறது, இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீடு உண்டு, பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் கூப்பிடு தூரம். குறை என்னவென்றால் நிலம் ஒடுக்கமாக நீண்டு கிடந்தது. ஆனாலும் பாய் இந்த இடம்தான் வேண்டும் என்று விடாப்பிடியாகச் சொன்னான். இன்னொன்று மிகவும் உள்ளே. தார் ரோட்டை விட்டு மணலில் வெகுதூரம் போக வேண்டும். வீடு கிடையாது, தகரக் கொட்டகை ஒன்று. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பு, குடிக்கலாம். ஆனால் வேட்டைக்கு அதைப் போல் ஒரு இடம் நான் பார்த்ததில்லை. வடமேற்கிலிருந்து காற்று வந்தால் பறவை போய் விழ நீளமான வெளி, அதற்கப்புறமும் வெளி. எண்ணெய் வேலி இல்லை, கம்பி இல்லை, பக்கத்து ஆள் இல்லை, நாய் இல்லை. வழி நேராக நம் கதவுக்கு வருகிறது. புதர் அடர்ந்தும் இல்லை, மொட்டையாகவும் இல்லை. அதைப் பாய் வேண்டாம் என்றான். அது போதாதா எனக்கு?

விருந்தினர் கூடத்தில் அர்பாப் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்தார். "சொல்லுங்கள்" என்றார். பாய் அரபியில் ஆரம்பித்தான். நான் குறுக்கிட்டு, "ஹிந்தி மே போலோ பாய், முஜே பீ சம்ஜனா ஹை" என்று எனக்கும் புரிகிற மாதிரி இந்தியில் பேசச் சொன்னேன். அர்பாப் தலையசைத்தார். பாய்க்கு இந்தி அவ்வளவாக வராது. அவன் தட்டுத் தடுமாறி வீடு, தண்ணீர், ரோடு என்றான். நான் விடவில்லை. நாம் குடும்பம் நடத்தவா இடம் வாங்குகிறோம், வேட்டைக்கா என்று கேட்டேன். ஒடுக்கமான இடத்தில் ஒரு முறை ராஜாளி வேலி தாண்டினால் அது அடுத்தவன் நிலம், அடுத்தவன் அனுமதி, அடுத்தவன் தட்டு என்றேன். அந்தச் சொல் அர்பாப்பைத் தைத்தது, நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. உள்ளே உள்ள அந்த நிலத்தின் ஒவ்வொரு மேடும் எனக்குத் தெரியும் என்றேன். எந்தப் பக்கம் மணல் நகர்கிறது, எந்தப் புதரடியில் ஈரம் நிற்கிறது, மழை பெய்தால் எந்த வழியாக வண்டி போகலாம், எல்லாம் தெரியும் என்றேன். "ஹம் கோ சப் மாலூம் ஹை, அர்பாப்." பாய் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அர்பாப் என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "கலாஸ். உன் இடம்தான்" என்றார்.

அன்று நான் மிதந்தேன். ரூமில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன், பாய்க்கும் ஒரு கிளாஸ் நீட்டினேன். ஜெயித்தவனுக்குத் தாராளம் வரும். மனைவியிடம் முழுக் கதையையும் நடித்தே காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "செயிச்சிட்டீங்க, சரி. எதச் செயிச்சீங்க?" என்றாள். பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வேலி போடுவது, கதவு வைப்பது, கொட்டகைக்குக் குளிர்சாதனம் மாட்டுவது, ஹுபாரா கூண்டு கட்டுவது என்று எல்லாம் ஓடியது. ஆட்களைக் கூட்டிப்போய் வேலை வாங்கியது நான். எல்லாம் முடிந்த அன்று அர்பாப் வந்தார். பாயும் வந்திருந்தான், முன் சீட்டிலிருந்துதான் இறங்கினான். இன்றோடு சரி, திரும்பும்போது நான் முன்னால் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அர்பாப் வேலியைச் சுற்றி நடந்தார், கூண்டைப் பார்த்தார், கொட்டகைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார். என் சட்டைப் பையில் ஒரு சாவிக்கொத்தைப் போட்டார்.

"இனிமேல் நீ டிரைவர் இல்லை. நீ முதீர்." முதீர் என்றால் மேனேஜர். "இந்த இடத்தை உன்னைப் போல் யாருக்கும் தெரியாது, நீயே சொன்னாய். நீ இங்கே இரு."

எனக்குச் சட்டென்று ஏறவில்லை. "வண்டி?" என்று கேட்டேன்.

"பாய் லைசென்ஸ் எடுத்துவிட்டான். உன் கட்டில், பெட்டி எல்லாம் நாளைக்கு லாரியில் வரும். யல்லா."

அர்பாப் ராஜாளியை எடுக்கப் போன நேரத்தில் பாய் என் பக்கத்தில் வந்து நின்றான். சிரிக்கவில்லை. அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

"இந்த வேலைய நான் கேட்டேண்ணே" என்றான். "லிவா எடத்துல வீடு இருந்துச்சில்ல. பண்ணையப் பாத்துக்கிறேன், அந்த வீட்டுல பொண்டாட்டி புள்ளைகளக் கூட்டியாந்து வச்சுக்கிறட்டுமான்னு கேட்டேன். அர்பாப் சரின்னுதான் சொல்லியிருந்தாரு. சின்னது என் மொகத்த வீடியோவுல மட்டுந்தாண்ணே பாத்துருக்கு."

"சொல்லியிருக்கலாம்ல பாய்?"

"எப்ப சொல்ல? நீங்க எங்கூடப் பேசுனாத்தானே." பிறகு வண்டியைப் பார்த்தான். "அந்த முன் சீட்டுக்குத்தான் நீங்க மொகத்தத் திருப்புனீங்கன்னு எனக்குத் தெரியும். நான் அத ஒருநாளும் கேக்கலண்ணே. மேட்டுக்கு இந்தப் பக்கமே எறக்கி விடுங்க, நடந்து வாரேன்னு அர்பாப்கிட்ட ரெண்டு மொற சொல்லிருக்கேன்."

அவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் என் கட்டில் வந்தது.

குளிர்காலத்தில் முதல் வேட்டைக்குச் சித்தப்பா மகனை விருந்தாளியாக அழைத்தார் அர்பாப். நாலு வண்டி வந்தது. நான் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். சித்தப்பா மகன் இறங்கி, வெளியைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், கம்பி இல்லாத வானத்தைப் பார்த்தார். வாய் பாராட்டியது, கண் கருகியது. அது என்ன நோய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அர்பாப் பூரித்துப்போய் என்னை முன்னால் இழுத்து, "இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் இவன்தான்" என்றார். சித்தப்பா மகன் என் கையைக் குலுக்கினார். பிறகு எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். நானும் வண்டிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். அர்பாப் கண்ணாடியை இறக்கி, "நீ கதவைப் பார்த்துக்கொள், கூண்டையும் பார், யாராவது ஒருவர் இருக்க வேண்டும்" என்றார்.

யாராவது ஒருவர் இருக்க வேண்டும். கம்பியைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன், உப்பைப் பார்த்தேன், வழியைப் பார்த்தேன், நாயைப் பார்த்தேன். இப்படி ஒரு இடத்தை வாங்கினால் அதில் ஒருத்தனை விட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

வண்டி முதல் மேட்டில் ஏறியது. முன் சீட்டில் பாய் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். அர்பாப் அவன் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார், தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவன் மனைவி பிள்ளைகள் வந்து இருக்க வேண்டிய வீட்டைக் கெடுத்தவன் நான். அது தெரிந்தும், குமட்டிக்கொண்டு போகிற அவனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. வண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் கதவைச் சாத்திப் பூட்டினேன்.